நல்லாசிரியர் சால்வை யார் தோளுக்கு?

மருத்துவக் கல்லூரிகளில் சிறந்த ஆசிரியருக்குச் சால்வை போர்த்துகிறார்கள். போர்த்தட்டும். எதை அளந்து போர்த்துகிறீர்கள் என்பதுதான் நம் கேள்வி.

அமெரிக்காவில் விவியன் தாமஸ் என்றொரு கருப்பர். டாக்டராக வேண்டும் என்று சேர்த்த காசு வங்கி திவாலில் போயிற்று. 1930இல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பிளாலாக்கின் சோதனைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். செய்தது ஆராய்ச்சி. சம்பளப் பட்டியலில் போட்டிருந்தது துப்புரவுப் பணியாளர்னு! 1941இல் இருவரும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் போனார்கள். இதயக் கோளாறால் உடம்பு நீலம் பாரித்துச் சாகும் குழந்தைகளுக்கான அறுவையை நாய்களிடம் செய்து செய்து வசப்படுத்தியவர் தாமஸ். 1944 நவம்பர் 29இல் முதல் குழந்தைக்கு அந்த அறுவை நடந்தபோது, பிளாலாக்கின் முதுகுக்குப் பின்னால் முக்காலிமேல் நின்று வழி சொன்னவரும் அவரே. அறுவைக்கு விழுந்த பெயரோ பிளாலாக் - டாசிக். தாமஸ் எங்கே? காணோம்.

அவரிடம் கை பழகிய வெள்ளை டாக்டர்கள் துறைத் தலைவர்களானார்கள். பழக்கியவருக்கு ஆசிரியர் பதவி கிடைக்க 1976 ஆயிற்று. அதே ஆண்டு கௌரவ டாக்டர் பட்டமும் வந்தது. அதுவும் மருத்துவத்தில் இல்லை, சட்டத்தில்!

வெள்ளைக்காரன் ஊர்க் கதைதானேன்னு நாம தப்பிச்சிக்க முடியாது தோழர்களே. கட்டைவிரல் கேட்டவன் பெயரில் 1985லிருந்து பயிற்சியாளர்களுக்கு விருது கொடுக்கும் தேசம் இது. சிறந்த மருத்துவ ஆசிரியருக்கு பி.சி. ராய் பெயரில் விருது கொடுத்து வந்த மருத்துவக் கவுன்சில் 2020இல் கலைந்துபோனது. அளந்த கோல் மட்டும் கலையவில்லை.

டெல்லி எய்ம்ஸில் தலித், பழங்குடி மாணவர்கள் நடத்தப்படும் விதத்தை விசாரித்த தோரட் குழு 2007இல் அறிக்கை கொடுத்தது. வகுப்பிலும் வைவாவிலும் விடுதியிலும் நடந்த பாகுபாட்டை மாணவர்களே அதில் சொல்லியிருக்கிறார்கள். நாட்டின் முதல் மருத்துவக் கல்லூரி என்று பேரெடுத்த இடத்திலேயே இதுதான் கதி. 'கோட்டாவா நீ?' என்று முகம் சுளிக்கிறவர் எத்தனை ஆய்வுக் கட்டுரை எழுதி என்ன? அவர் ஆசிரியரா, வாசலில் நிற்கும் காவல்காரரா?

இன்னொன்றும் கேட்போம். பிணவறையில் கத்தி பல இடங்களில் யார் கையில்? சேரியிலிருந்து வந்த ஊழியர் கையில். அவர் திறந்து காட்ட, மாணவர்கள் பார்த்துப் படிக்கிறார்கள். சர்டிபிகேட்டில் கையெழுத்து மட்டும் டாக்டருடையது. இந்தக் கணக்கில் தாமஸ் நம்ம ஊரிலும் இருக்கிறார்; முக்காலிகூட இல்லாமல் நிற்கிறார்.

விருதே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அளவுகோலை மாற்று என்கிறோம். முதல் வருஷம் தோற்ற பையனைக் கைதூக்கிவிட்டு டாக்டராக்கியவர் யார்? தமிழ்வழியில் படித்து வந்த பெண், கூச்சமில்லாமல் சந்தேகம் கேட்டது யாரிடம்? கை பழக்கிய ஊழியரின் பெயரைச் சபையில் சொன்னவர் யார்? கடைசி பெஞ்சில் போய்க் கேளுங்கள். அங்கே சொல்லும் பெயருக்குப் போர்த்துங்கள் சால்வையை. நாங்களும் வந்து கை தட்டுகிறோம்.