ரூட்டர் மேசைக்கு லிஃப்ட் அவசியந்தானா?



தென்னேரியிலிருந்து ஒரு சகோதரர் இப்பகுதிக்கு நீண்டதொரு கடிதம் வரைந்துள்ளார். ஷார்ஜாவில் தச்சுப் பட்டறை ஒன்றில் பல்லாண்டுகள் பணியாற்றிவிட்டு ஊர் திரும்பியவர் அவர். வீட்டின் பின்புறம் தகரக் கொட்டகை ஒன்று அமைத்து, சமையலறை அலமாரிக் கதவுகள், முக்காலிகள், குர்ஆன் ஓதும் பலகைகள் முதலியவற்றைச் செய்து விற்று வருகிறார். 1850 வாட் ஆற்றலுள்ள ரூட்டர் ஒன்று அவரிடம் இருக்கிறது. அதனை ஒரு மேசைக்கு அடியில் தலைகீழாகப் பொருத்தி வேலை செய்ய விரும்புகிறார். அவ்வாறு பொருத்துவதற்கென்றே விற்கப்படும் 'ரூட்டர் லிஃப்ட்' என்னும் கருவியை வெளிநாட்டிலிருந்து தருவிக்கலாமா, தருவிப்பதாயின் எவ்வகையைத் தெரிவு செய்வது என்பதே அவருடைய வினா. கடிதத்தின் அடியில் அவருடைய துணைவியார் தம் கைப்பட இரண்டு வரிகள் சேர்த்துள்ளார். அந்தத் தொகையில் மகளின் ஓராண்டுப் பள்ளிக் கட்டணம் அடங்கிவிடுமாம். அவசியமெனில் வாங்கட்டும், ஆனால் அவசியந்தானா என்பதைத் தாங்களே கூறுங்கள் என்று கேட்டிருக்கிறார்.

எமது கருத்தை முதலிலேயே கூறிவிடுகிறோம். அவர் நாடும் லிஃப்ட் இன்றைய நிலையில் அவருக்குத் தேவையில்லை. அதன் விலையில் ஒரு சிறு பங்கை வேறொரு பொருளுக்குச் செலவிட வேண்டியதோ கட்டாயம். அது எப்பொருள் என்பதைப் பின்னர் காண்போம்.

தச்சு வேலை அறியாத இல்லத்தாருக்காகச் சில சொற்கள். ரூட்டர் என்பது சுழலும் வெட்டுமுனையை உடைய மின் கருவி. பலகையில் காடி எடுப்பதற்கும், ஓரத்தை உருட்டுவதற்கும், விளிம்பில் பூவேலை வளைவுகள் இழைப்பதற்கும் பயன்படுவது. நம் ஆசாரிமார்கள் உளியாலும் காடி இழைப்புளியாலும் அரைநாள் செய்த வேலையை இது சில நிமிடங்களில் முடித்துவிடும். பெரிய பலகையென்றால் கருவியைக் கையிற் பிடித்துப் பலகையின் மேல் ஓட்டலாம். விரற்கடை அகலமுள்ள சட்டத்தின் மீது ஐந்தாறு கிலோ எடையுள்ள கருவியை எவ்வாறு நிறுத்துவது? ஆகவே கருவியைக் கவிழ்த்து மேசைக்கு அடியில் பூட்டி, முனை மட்டும் மேலே தலைகாட்டுமாறு செய்து, மரத்தை அதன்மேல் நகர்த்துகிறார்கள். இதுவே ரூட்டர் மேசை.

இதில் தொல்லை தருவது முனையின் உயரம். அலமாரிக் கதவின் சட்டத்தில் எடுக்கும் காடிக்கும், அதில் செருகும் நாக்குக்கும் அரை மில்லிமீட்டர் வேறுபட்டாலும் இணைப்பு ஆடும், அல்லது உட்செல்லாது. அந்த அரை மில்லிமீட்டருக்காகக் குனிந்து, மேசைக்கடியில் கைவிட்டு, கனமான கருவியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே திருகாணியை இறுக்க வேண்டும். இறுக்கும்போதே அது சற்று நழுவிவிடும். லிஃப்ட் என்பது இத்தொல்லையைத் தீர்க்க வந்த திருகு அமைப்பு. மேசையின் மேலிருந்தே ஒரு கைப்பிடியைச் சுழற்றினால் ரூட்டர் முழுவதும் ஏறும், இறங்கும். பயனுள்ள பொருள்தான், அதில் ஐயமில்லை. நாள்தோறும் பத்து முறை உயரம் மாற்றும் பட்டறைக்கு அது போட்ட முதலைத் திருப்பித் தந்துவிடும்.

ஆனால் யாருடைய ரூட்டருக்காக அது வடிக்கப்பட்டது என்பதைக் கேட்க வேண்டாமா? கனடாவின் ஜெஸ்எம், அமெரிக்காவின் உட்பெக்கர்ஸ், கிரெக் போன்ற நிறுவனங்களின் லிஃப்டுகள் பெயர் பெற்றவை. 300 டாலருக்கு மேற்பட்ட விலையுடையவை. அனுப்பும் கட்டணமும் சுங்கமும் தனி. இவை பெரும்பாலும் அடித்தளத்திலிருந்து உருவி எடுக்கத்தக்க உருளை மோட்டார்களுக்கென அமைந்தவை. அம்மோட்டார்களின் விட்டம் மூன்றரை அங்குலம் அல்லது 4.2 அங்குலம். அங்கு விற்கப்படுபவை 120 வோல்ட் மின்சாரத்தில் இயங்குபவை. நம் நாட்டுக் கடைகளில் மிகுதியாகக் கிடைக்கும் பெரிய ரூட்டர்களோ, இரண்டு தண்டுகளில் ஏறி இறங்கும் அமுக்கு வகை. அவற்றின் மோட்டார் தனியே கழன்று வராது. நம் சகோதரரிடம் உள்ளதும் அத்தகையதே. அவர் லிஃப்டை வாங்கினால் அதற்கேற்ற ரூட்டரை வாங்க வேண்டும். அந்த ரூட்டருக்காக 230 வோல்ட்டைக் குறைத்துத் தரும் டிரான்ஸ்ஃபார்மர் வாங்க வேண்டும். செருப்புக்குத் தக்கபடி காலைத் தறிக்கும் கதைதான்.

வளைகுடாவிலிருந்து கருவி கொண்டு வரும் ஏனைய சகோதரர்களுக்கும் இங்கு ஒரு சொல். அமீரக மின்சாரம் நம்முடையதை ஒத்தது. பிளக்கை மாற்றினால் போதும். சவூதியில் நெடுங்காலம் வீடுகளுக்கு 127 வோல்ட் வழங்கப்பட்டு வந்தது. அங்கு முன்பு வாங்கிய பழைய கருவியாயின், அதன் தகட்டில் பொறித்துள்ள வோல்ட் அளவைப் படிக்காமல் இங்குச் செருகிவிடாதீர்கள். ஒரு நொடியில் எரிந்துவிடும்.

புதிதாகத் தொடங்குவோருக்கு வழி எளிது. கைக்கு அடக்கமான 'டிரிம்மர்' எனும் சிறு ரூட்டர்களில் மக்கீட்டாவின் ஆர்.டி.0700 போன்றவற்றின் உடல் 65 மில்லிமீட்டர் விட்டமுடையது. அந்த அளவுக்கென்றே அலுமினியத்தாலான சிறிய லிஃப்டுகள் இப்போது மலிவாக விற்கப்படுகின்றன. ஏறத்தாழ 700 வாட் ஆற்றலைக் கொண்டு கதவுச் சட்டத்தின் காடி, ஓர உருட்டல், படச் சட்டம், நகைப்பெட்டி ஆகியவற்றைச் செய்துகொள்ளலாம். தடித்த தேக்கில் ஆழமான வேலையை எதிர்பார்க்கக் கூடாது. டிரைட்டன் நிறுவனத்தின் 1400, 2400 வாட் ரூட்டர்கள் மற்றொரு வகை. லிஃப்டின் பணியைச் செய்யும் திருகு அவற்றின் உள்ளேயே உள்ளது. மேசைத் தகட்டில் ஒரு துளையிட்டுக் கைப்பிடியைச் செருகினால் மேலிருந்தே ஏற்றி இறக்கலாம். மேசை வேலைக்காகவே ரூட்டர் வாங்குவோர் இதனை முதலில் கருதலாம்.

இனி, உள்ள ரூட்டரையே வைத்துக்கொள்ள விரும்பும் நம் சகோதரருக்கு. சென்னை பிராட்வே, பாரிமுனை இரும்புக் கடைகளில் மட்டுமன்றி வாலாஜாபாத்தின் போல்ட்டு நட்டுக் கடையிலும் 10 மில்லிமீட்டர் திருகுத்தண்டு கேட்டுப் பார்க்கலாம். அதன் வழக்கமான மரை இடைவெளி 1.5 மில்லிமீட்டர். அதாவது தண்டை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் ஒன்றரை மில்லிமீட்டர் ஏறும். கால் சுற்றுக்கு ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர். கவிழ்த்த ரூட்டருக்குக் கீழே மேசைக் கால்களை இணைத்து உறுதியான குறுக்குச் சட்டம் ஒன்றை அமைத்து, அதில் நட்டைப் பதித்து, தண்டின் தலை ரூட்டரின் முதுகைத் தாங்குமாறு செய்ய வேண்டும். தண்டின் கீழ்முனையில் ஒரு கைச்சக்கரம். மோட்டாருக்குக் காற்றுச் செல்லும் துளைகளை மறைத்துவிடக் கூடாது. ரூட்டரின் உள்ளிருக்கும் சுருள்வில் கீழ்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். கருவியின் கையேடு அனுமதித்தால் மட்டும் அதனைக் கழற்றிவிடலாம். உயரம் அமைந்ததும் ரூட்டரின் சொந்தப் பூட்டை இறுக்க மறவாதீர்கள். தண்டு தாங்குவதற்கே, பிடித்து நிறுத்துவது பூட்டின் வேலை. மேலும், எந்தத் திருகிலும் சிறிது தளர்வு இருக்கும். ஆகையால் தேவையான உயரத்தைக் கடந்து இறங்கிவிட்டால், நன்றாகக் கீழே இறக்கிப் பின் மேல்நோக்கி ஏற்றியே அளவில் நிறுத்த வேண்டும்.

பிற்காலத்தில் வசதி ஏற்பட்டு லிஃப்ட் வாங்குவோர் விளம்பரப் படத்தை நம்பாமல் பொருளைக் கையில் எடுத்துச் சோதிக்க வேண்டும். இரும்பு அளவுகோலைத் தகட்டின் குறுக்கே நெட்டுக்கு நிறுத்தினால் இடையில் வெளிச்சம் தெரியலாகாது. மோட்டாரை முழு உயரத்திற்கு ஏற்றிப் பக்கவாட்டில் அசைத்தால் ஆடலாகாது. பூட்டை இறுக்கும்போது உயரம் மாறுகிறதா என்பதே தலையாய சோதனை. ஒரு துண்டுப் பலகையில் பூட்டுமுன் ஒரு காடி, பூட்டியபின் ஒரு காடி எடுத்து, வெர்னியரால் அளந்தால் உண்மை வெளிப்பட்டுவிடும். முனையை இறுக்கும் நட்டு தகட்டுக்கு மேலே எழுகிறதா என்பதையும் காண்க. அது எழாவிடில், முனை மாற்றும்போதெல்லாம் மீண்டும் மேசைக்கடியில் குனிய வேண்டியதுதான்.

தென்னேரியின் இயல்பையும் கருத வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் ஏரி நிரம்பிக் கலங்கல் வழியும் காலத்தில் காற்றே நனைந்திருக்கும். எம்.டி.எஃப். பலகையில் வெட்டிய தகட்டுக் குழியின் விளிம்பு ஈரம் குடித்து உப்பினால், எத்துணை விலையுயர்ந்த லிஃப்டும் மேடு பள்ளத்தில் நிற்கும். வெட்டிய விளிம்புகள் அனைத்திலும் வார்னிஷ் ஏற்றுங்கள். தகடு அலுமினியமாக இருக்கட்டும். வார்ப்பிரும்பு இந்த ஈரத்தில் ஓயாமல் துருப்பிடிக்கும். திருகுத்தண்டில் கிரீஸ் தடவாதீர்கள். மரத்தூள் அதில் ஒட்டிச் சேறாகிவிடும். உலர்ந்த மெழுகு போதும்.

கட்டாயம் என்று முன்னர் குறிப்பிட்ட பொருளுக்கு வருவோம். ரூட்டரை மேசைக்கடியில் பூட்டியபின் அதன் விசை கைக்கு எட்டாது. ஆகவே அதனை நிரந்தரமாக ஓடும் நிலையில் வைத்துவிட்டுச் சுவரிலுள்ள சுவிட்சால் இயக்குகிறார்கள். கிராமத்தில் மின்சாரம் போவதும் வருவதும் சொல்லிக்கொண்டா நடக்கிறது? வேலையின் நடுவில் மின்சாரம் நின்றுவிடுகிறது. சுவிட்சை அணைக்க மறந்து, முனையில் சிக்கிய சீவலை விரலால் எடுக்கக் குனியும் நொடியில் மின்சாரம் திரும்பிவிட்டால் என்னவாகும்? சிறு குழந்தை ஓடியாடும் வீட்டில் இதை எண்ணவே அச்சமாக இருக்கிறது. இதற்கு மருந்து நம் வயல்களிலேயே இருக்கிறது. பம்பு செட்டுக்குப் பச்சை, சிவப்புப் பொத்தான்களுடன் பொருத்தும் டி.ஓ.எல். ஸ்டார்ட்டரின் இயல்பு யாதெனில், மின்சாரம் நின்றால் அது விடுபட்டுவிடும். மீண்டும் வந்தாலும் பச்சைப் பொத்தானை அழுத்தாமல் ஓடாது. ஒற்றை முனை மின்சாரத்திற்கும் ரூட்டரின் ஆற்றலுக்கும் ஏற்ற சிறிய ஸ்டார்ட்டரை, தானாகவே மறுபடி ஓட்டும் 'ஆட்டோ' இணைப்பு இல்லாமல், தேர்ந்த மின்பணியாளரைக் கொண்டு மேசையின் முன்பக்கம் பொருத்திக்கொள்ளுங்கள். கையால் தட்டினால் அணையும் வண்ணம் சிவப்புப் பொத்தான் வெளியே நிற்கட்டும். முனையை மாற்றும்போது பிளக்கையே உருவிவிடுவது இதற்கும் மேலான காவல்.

அவருடைய கடிதத்தில் மற்றொரு செய்தியும் எம்மைக் கவலையுறச் செய்தது. லிஃப்ட் வந்தபின், கதவின் நடுப்பலகைக்குச் சரிவு இழைக்கும் 50 மில்லிமீட்டர் முனையைப் பொருத்தப் போவதாக எழுதியிருக்கிறார். அவருடைய ரூட்டர் நிமிடத்திற்கு 22,000 சுற்று எனும் ஒரே வேகத்தில் ஓடுவது. கணக்கிட்டுப் பாருங்கள்: அந்த முனையின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் பறக்கும். அவ்வளவு பெரிய முனைகளை வேகத்தைக் குறைத்தே ஓட்ட வேண்டும். வேகத்தைக் குறைக்கும் வசதியில்லாத கருவியில் அம்முனையைப் பொருத்தவே கூடாது. லிஃப்ட் எத்தனை உயர்ந்ததாயினும் இதனை மாற்றாது. சரிவுக் கதவு கேட்போருக்குத் தட்டையான நடுப்பலகையே அழகு என்று எடுத்துரைத்துப் பார்க்கட்டும். எமக்கும் அதுவே அழகாகத் தோன்றுகிறது! முனையின் காம்பளவிலும் கவனம் தேவை. 12 மில்லிமீட்டர் காம்பை அரை அங்குலப் பிடியில் இறுக்காதீர்கள். அரை அங்குலமென்பது 12.7 மில்லிமீட்டர். 6 மில்லிமீட்டருக்கும் கால் அங்குலத்திற்கும் இதே விதி.

மரத்தை எப்போதும் வலமிருந்து இடமாகவே செலுத்துங்கள். முனைக்கும் பின்னுள்ள தடுப்புக் கட்டைக்கும் இடையே மரத்தை நுழைத்தால் முனை அதைப் பிடுங்கி எறியும். உடன் கையும் இழுபடும். சிறு துண்டுகளைத் தள்ளுவதற்குத் தள்ளுகட்டை வேண்டும், விரல் உதவாது. தூளையும் எளிதாகக் கருதலாகாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருட்களின் வரிசையில் 1995-ஆம் ஆண்டு வெளியிட்ட தொகுப்பில் சேர்த்தது. கொட்டகையின் கதவு வீட்டின் உட்புறம் திறக்குமாயின் அதை அடைத்து வைப்பதும், முகக்கவசம் அணிவதும், வேலை உடையை வெளியிலேயே உதறிவிட்டு வருவதும் இல்லத்தார் அனைவருக்கும் நலம்.

தவணையில் வாங்கினால் சுமை தெரியாது என்று கடைக்காரர் கூறியதாகவும் சகோதரர் குறிப்பிட்டுள்ளார். அத்தவணையில் வட்டி ஒளிந்திருப்பதை அவரே உணர்ந்து மறுத்துவிட்டார். நாம் கூறுவதற்கு ஒன்றுமில்லை. திருகுத்தண்டு, நட்டு, அலுமினியத் தகடு, ஸ்டார்ட்டர் ஆகியவற்றை ரொக்கமாகவே வாங்கிவிடலாம். சகோதரி அவர்கள் பள்ளிக் கட்டணத்தை முதலில் கட்டிவிடட்டும்.

மேசைக்கான தடுப்புக் கட்டையை வேப்பம் பலகையில் வீட்டிலேயே செய்துகொள்ளும் அளவுகளை, இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் தருகிறோம்.