அம்மா ஓட வெளிக்கிட்டா நாங்கள் என்ன செய்யிறது?

2024ல் கொழும்பில நடந்த ஒரு அரை மரதனை எங்கட அம்மா ஓடி முடிச்சா. வயசு 46. எடுத்த நேரம் மூன்று மணித்தியாலமும் எட்டு நிமிசமும். இதைக் கேட்கிற எல்லாரும் இப்ப கைதட்டுகிறார்கள். ஆனால் அதற்கு எட்டு மாதம் முந்தி, "நான் ஓடப்போறன்" என்று அவ சொன்ன நேரம் வீட்டில ஒருத்தரும் கைதட்டேல்ல. அப்பா சிரிச்சார். பிள்ளையள் நாங்கள், "இந்த வயசில உங்களுக்கு ஏன் தேவையில்லாத வேலை? முழங்கால் போயிடும்" என்று சொன்னோம்.

அந்தப் பதிலைப் பற்றித்தான் எழுத நினைக்கிறோம். ஏனெண்டால், உங்களில கனபேர் வீட்டில இதையேதான் சொல்லுவீங்கள்.

2023ல் முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி, எழுபது வயதைக் கடந்த பிறகு, பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் 1500 மீற்றர் ஓட்டத்தில் தங்கம் எடுத்தா. அந்தப் படத்தை நாங்கள் எல்லாரும் பகிர்ந்தோம், "பெருமை" என்று எழுதினோம். அடுத்த வருசம் சொந்த அம்மா சப்பாத்து வாங்கக் காசு எடுத்தபோது முழங்காலைப் பற்றிப் பேசினோம். தூரத்தில நிக்கிற பெண் ஓடினால் சாதனை, வீட்டில இருக்கிறவ ஓடினால் வீண்வேலை.

சரி, முழங்காலின் கதையையும் பார்ப்போம். 2017ல் வெளிவந்த ஓர் ஆய்வுத் தொகுப்பின்படி, பொழுதுபோக்காக ஓடுகிறவர்களில் 3.5 வீதமானோருக்கே இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்வு இருந்தது. ஓடாமல் இருந்தவர்களில் அது 10.2 வீதம். ஓடினதாலதான் மூட்டு தப்பினது என்று இதை வைத்துச் சொல்லமுடியாது. ஆனால் ஓடினால் முழங்கால் போயிடும் என்று அடிச்சுச் சொல்ல எங்களிட்ட ஆதாரம் இருக்கேல்ல. 'உடம்பு தாங்காது' என்கிறதும் பழைய சாட்டு. ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மரதன் வந்ததே 1984ல்தான். அப்ப அம்மாவுக்கு ஆறு வயசு.

அதுக்காகக் கண்ணை மூடிக்கொண்டு ஓடச் சொல்லேல்ல. அம்மா முதலில டொக்டரைப் பார்த்தா. கிளினிக்கில சீனி எல்லையில நிக்குது என்று சொன்னதுதான் எல்லாத்துக்கும் தொடக்கம். முதல் மாதம் ஒரு நிமிசம் ஓட்டம், ரெண்டு நிமிசம் நடை. கிழமைக்கு மூன்று நாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நீண்ட தூரம், அது 3 கிலோமீற்றரில் தொடங்கி மெல்ல மெல்ல 18 வரைக்கும் போனது. மூச்சு வாங்காமல் கதைக்க முடியிற வேகம்தான் அவவின்ர வேகம்.

உண்மையான தடை வேற இடத்தில இருந்தது. விடிய நாலே முக்காலுக்கு அவ வெளிக்கிட்டால் புட்டு அவிக்கிறது ஆர்? மத்தியானச் சாப்பாடு கட்டுறது ஆர்? முதல் ரெண்டு மாதமும் அவ மூன்றரைக்கு எழும்பிச் சமைச்சு வைச்சிட்டுத்தான் ஓடினா. நாங்கள் படுத்திருந்தோம். ஒழுங்கையில நாய் கலைச்சது. "ஆரைத் தேடி ஓடுறீங்கள்?" என்று ஆக்கள் கேட்டினம். பஞ்சாபியோட, சோலைக் குறுக்கால கட்டிக்கொண்டு ஓடினா.

அரை மரதன் என்கிறது 21.0975 கிலோமீற்றர். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில வெளிக்கிட்டால் சாவகச்சேரியைத் தாண்டிப் போகும். முதன்முதலா 15 கிலோமீற்றர் முடிச்ச அண்டைக்கு அம்மா சொன்னா: "இவ்வளவு தூரம் காலால வந்தது 95க்குப் பிறகு இப்பதான்." 1995 ஒக்டோபர் 30 இரவு, மழைக்குள்ள, நாவற்குழிப் பாலத்தால சனத்தோட சனமா வந்தபோது அவவுக்கு 17 வயசு. பள்ளிக்கூட இல்ல விளையாட்டுப் போட்டியில ஓடவேண்டிய வயசு. அதைப் பற்றி அவ அதுக்கு மேல கதைக்கேல்ல. அண்டைக்கு இரவு நாங்கள்தான் சமைச்சோம்.

இண்டைக்கு நாப்பத்தைஞ்சு, அம்பது வயசில இருக்கிற எங்கட தாய் தகப்பன்மாருக்கு, தங்கட விருப்பத்துக்கு ஓடுற வயசு ஒன்று கிடைக்கேல்ல. அந்த வயசு எங்களுக்குக் கிடைச்சிருக்கு, நாங்கள் ஃபோனோட கட்டிலில கிடக்கிறோம். அவை ஓடக் கேட்டால், புத்தி சொல்லுற தகுதி எங்களுக்கு இல்லை.

ஆனபடியால் ஒன்றுதான் கேட்கிறோம். உங்கட வீட்டிலயும் ஆராவது ஓடவோ, நீந்தவோ, சைக்கிள் பழகவோ வெளிக்கிட்டால், முதலில அடுப்படியைக் கையில எடுங்கோ. கிழமையில மூன்று விடியற்காலை போதும். ஒழுங்கை இருட்டெண்டால் சைக்கிளில பின்னால போங்கோ, நாய்க்கு ஒரு தடியும் கொண்டு போங்கோ. படம் பிறகு போடலாம்.

எங்கட வீட்டில செவ்வாய், வியாழன், ஞாயிறு புட்டு இப்ப எங்கட பொறுப்பு. சில நாளில கட்டிபட்டுப் போகுது. அம்மா பேசாமல் சாப்பிடுறா.