விறகு சும்மா கிடைக்கிறதா?

கோடை பிறந்துவிட்டால் நமது பத்திரிகைகளுக்கு ஒரு புது வேலை வந்துவிடுகின்றது. தினந்தோறும் சேலம் இத்தனை டிகிரி, ஈரோடு இத்தனை டிகிரி, கரூர் பரமத்தி இத்தனை டிகிரி என்று ஜாபிதா போடுவார்கள். ஜனங்களும் அதைப் படித்துப் பெருமூச்சு விடுவார்கள். 2024ஆம் வருஷம் ஏப்ரல், மே மாதங்களில் இந்த ஊர்களிலெல்லாம் வெயில் 40 டிகிரி செல்சியசைத் தாண்டிற்று. ஆனால் அது எங்கே எடுத்த டிகிரி என்பதைப் பெரும்பாலோர் யோசித்திருக்க மாட்டார்கள். வெள்ளை வர்ணம் அடித்து, நாலு பக்கமும் காற்றுப் புகும்படி சட்டம் வைத்த பெட்டிக்குள், நிழலில் வைத்த கருவி காட்டுவதே அந்த டிகிரியாகும். கருவிக்கே நிழலும் காற்றும் வேண்டும் என்று விஞ்ஞானிகள் ஏற்பாடு செய்திருக்கின்றார்கள். சிமெண்டு அட்டைக் கூரையின் கீழ், ஜன்னலில்லாத மூலையில், விறகடுப்பின் முன் குந்தியிருக்கும் நமது கிராமத்துப் பெண்ணுக்கு அப்படி ஏற்பாடு செய்தவர் யாருமில்லை. அங்கே எத்தனை டிகிரி என்று இதுவரை எந்தப் பத்திரிகையும் எழுதியதாக நமக்குத் தெரியவில்லை.

சென்ற சித்திரையில் பிரசாரத்தின் பொருட்டு அயோத்தியாப்பட்டணம் பக்கத்துக் கிராமங்களுக்குப் போயிருந்தோம். இவ்வூர் சேலத்துக்குக் கிழக்கே உள்ளது. இராமன் இலங்கையிலிருந்து திரும்புகையில், முகூர்த்தம் தவறிவிடப் போகின்றதே என்று இங்கேயே பட்டாபிஷேகம் செய்து கொண்டான் என்பது இங்குள்ள கோதண்டராமர் கோவிலின் ஸ்தல புராணம். அந்தப் பட்டாபிஷேக விருந்துக்கு விறகு சுமந்தவர்கள் யார் என்பதை மாத்திரம் புராணக்காரர் எழுதாமல் விட்டுவிட்டார்.

குப்பனூர் ரஸ்தாவில் பகல் பதினோரு மணிக்கு ஒரு அம்மையார் தலையில் விறகுக் கட்டுடன் எதிரே வந்தார். வேலிக்காத்தான் முள்ளும், காய்ந்த மரவள்ளிக் குச்சியும், ரெண்டு தென்னை மட்டையுமாக இருந்தது சுமை. புளிய மரத்தடியில் இறக்கி வைக்க உதவிவிட்டு, "ஏம்மா, வீட்டில் கேஸ் அடுப்பு இல்லையா?" என்று கேட்டோம்.

"அடுப்பு இருக்குதுங்க ஐயா. சிலிண்டர் தீந்து ரெண்டு மாசமாச்சு. அவருகிட்ட கேட்டா, வெறகுதான் சும்மா கெடக்குதே, அதுக்கு எதுக்குக் காசுங்கறாரு" என்றார்.

அந்த வீட்டுக்காரர் குடிகாரரும் அல்ல, கொடியவரும் அல்ல. விசாரித்ததில் நல்ல உழைப்பாளி என்றே சொன்னார்கள். அப்படிப்பட்டவரே தாராளமாகச் சொல்லிவிட்ட "சும்மா" என்ற வார்த்தையைத்தான் நாம் கொஞ்சம் உரித்துப் பார்க்க வேண்டியிருக்கின்றது.

அந்த அம்மையார் வாரத்துக்கு இரண்டு நடை, நடைக்கு நாலு மணி நேரம் விறகுக்காகப் போய் வருகின்றார். வாரத்துக்கு எட்டு மணி, அதாவது ஒரு முழு நாள் வேலை. தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு 2025-26ஆம் வருஷத்துக்கென்று சர்க்கார் விதித்த ஒரு நாள் கூலி 336 ரூபாய். மாதத்துக்கு நாலு நாள் என்று வைத்தால் 1,344 ரூபாய் ஆகின்றது. 2025 ஏப்ரல் 8ந் தேதி 50 ரூபாய் ஏற்றிய பிறகு 14.2 கிலோ சிலிண்டர் சென்னையில் 868 ரூபாய் 50 காசுக்கு விற்றது. ஆகவே 868 ரூபாய் மிச்சம் பிடிப்பதாக நினைத்துக்கொண்டு 1,344 ரூபாய் பெறுமான உழைப்பை மாதா மாதம் அடுப்பில் போட்டு எரிக்கின்றார்கள். விறகு சும்மா கிடைக்கவில்லை; பெண்ணின் நேரம்தான் சும்மா கிடைக்கின்றது. ஆண்பிள்ளை ஒருவர் அதே நாலு மணி நேரம் சுமை தூக்கினால் "சும்மா தூக்கினேன்" என்று சொல்லுவாரா என்று கேட்கின்றோம்.

இனி, அடுப்புக் கொடுத்த சர்க்கார்களின் யோக்கியதையையும் பார்ப்போம். 2006ஆம் வருஷத் தேர்தலில் தி.மு.க. இலவச கேஸ் அடுப்பு வாக்களித்துப் பிறகு கொடுத்தது. 2016 மே 1ந் தேதி மத்திய சர்க்கார் உஜ்வலா திட்டத்தைப் பல்லியா என்ற ஊரில் ஆரம்பித்தது. இவை நல்ல காரியங்களே. தமிழ்நாட்டில் நூற்றுக்கு 80க்கு மேற்பட்ட வீடுகள் புகையில்லாத எரிபொருளுக்கு வந்துவிட்டதாக 2019-21 குடும்பநலக் கணக்கு கூறுகின்றது. இந்தியாவின் கிராமங்களை மாத்திரம் எடுத்தால் அது நூற்றுக்கு 43தான். ஆனால் அடுப்பு ஒரு தடவை வாங்குவது, சிலிண்டர் மாதா மாதம் வாங்குவது. 2023 அக்டோபரில் உஜ்வலாக்காரருக்கு 300 ரூபாய் மானியம் என்றார்கள். அதுவும் முழுப் பணத்தையும் முதலில் கையிலிருந்து கொடுத்துவிட்டு, பின்னால் பாங்கியில் பார்த்துக் கொள்ள வேண்டியது. கையில் முழுப் பணம் இருந்தால் அவர்கள் ஏன் வேலிக்காத்தானை வெட்டப் போகின்றார்கள்? அன்றியும் நாம் எரிக்கும் கேஸில் பாதிக்கு மேல் வெளிநாட்டுச் சரக்கு. அதில் பெரும்பகுதி ஹோர்முஸ் ஜலசந்தி வழியாகக் கப்பலில் வருவது. அரபிக் கடலுக்கு அப்பால் பீரங்கி வெடித்தால் அயோத்தியாப்பட்டணத்தில் அடுப்பு அவிகின்றது. 1942ல் ரங்கூன் வீழ்ந்தபோது மண்ணெண்ணெய்க்கு இதே கதிதான் ஏற்பட்டது.

காட்டுக்குப் போகலாமென்றாலோ, சேர்வராயன் அடிவாரத்தில் ரிசர்வ் காட்டு எல்லைக்கல் நிற்கின்றது. 1882ஆம் வருஷத்துச் சட்டம் இன்றும் சுள்ளிக்குக் கணக்குக் கேட்கும். ஆனால் நம் பாரதக் கதையிலோ, அக்கினி பகவான் வேள்விகளில் நெய் குடித்துக் குடித்து அஜீர்ணம் கண்டு, அதற்கு மருந்தாகக் காண்டவ வனத்தையே தின்று தீர்த்தாராம். கிருஷ்ணனும் அர்ஜுனனும் காவல் நின்றார்களாம். அந்தக் கதையையே அக்கினி நக்ஷத்திரத்துக்குக் காரணமாகவும் சொல்லுகின்றார்கள். காட்டையே தின்றவருக்குப் பூஜை, காய்ந்த குச்சி பொறுக்கினவளுக்கு அபராதம்!

உண்மையில் சேலத்தில் சூரியன் நேர் உச்சிக்கு வருவது ஏப்ரல் 20ந் தேதியை ஒட்டியும், மறுபடி ஆகஸ்டு 22ந் தேதியை ஒட்டியுமாகும். நடுப்பகலைவிட இரண்டு மூன்று மணிக்கு வெயில் கடுமையாயிருப்பது போல, பூமி சூடேறத் தாமதமாவதால் உச்சி கடந்த பிறகு மே மாதத்தில் உஷ்ணம் உறைக்கின்றது. ஆகஸ்டில் தென்மேற்குப் பருவக் காற்றின் மேகம் மறைப்பதால் அவ்வளவு தெரிவதில்லை. இதில் அஜீர்ணத்துக்கு இடமேயில்லை.

பஞ்சாங்கம் போகட்டும், சர்க்காரே என்ன செய்தது? 2019ல் மழை பொய்த்தபோது இந்து அறநிலைய இலாகா கோவில்களில் வருண ஜபம், யாகம் செய்யும்படி உத்தரவு போட்டது. சமித்தும் நெய்யும் எரிந்தன. சென்னைக்குத் தண்ணீர் வந்ததோ, அந்த ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து இரயிலில். எஞ்சினும் குழாயும் செய்த வேலை அது. இன்னும் நமது ஜில்லாக்களில் பங்குனி, சித்திரையில் பூமிதி என்று குண்டத்தில் வண்டி வண்டியாக விறகைக் கொட்டி எரிக்கின்றார்கள். ஊரில் எத்தனையோ வீடுகளுக்கு மாதக்கணக்கில் சோறாக்கும் விறகு ஒரே இராத்திரியில் சாம்பலாகின்றது. சுள்ளிக்கு நாலு மணி நேரம் நடந்த அதே பெண்தான் அந்தச் சாம்பலைப் பக்தியுடன் நெற்றியில் இட்டுக் கொள்ளுகின்றாள் என்பதை நினைக்கும்போது நமக்குக் கோபத்தைவிட வருத்தமே மேலிடுகின்றது.

இது உடம்பைத் தின்கிற விஷயம். அடுப்புப் புகை முதலிய வீட்டுப் புகையினால் 2020ல் உலகத்தில் 32 லட்சம் பேர் மாண்டதாக உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கின்றது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா ஸ்தாபனத்தார் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளை ஆராய்ந்து 2024ல் வெளியிட்டதில், கடும் உஷ்ணத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு அபாயம் இரட்டிப்பாயிருப்பதாகக் கண்டிருக்கின்றார்கள். சேலம் ஜில்லாவில் ஜவ்வரிசி ஆலைக் களங்களில் கொதிக்கும் சிமெண்டுத் தரையில் மாவு காயவைத்துக் கிளறுகிறவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்பதை இந்த ஜில்லாக்காரர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. ஆலை முதலாளிக்கு அந்த வெயில் இலவச எரிபொருள். களத்திலிருந்து வீட்டுக்கு வந்தால் அடுப்பு.

2024 அக்டோபரில் தமிழ்நாடு சர்க்கார் வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று அறிவித்து, அதனால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்றும் விதித்தது. வரவேற்கின்றோம். ஆனால் அடுப்படியில் மயங்கி விழுந்தவளை எந்தக் கணக்கில் எழுதுவார்கள்? செத்த பின் 4 லட்சம் கொடுக்கத் தயாராயிருக்கும் பொக்கிஷம், உயிரோடிருக்கையில் மாதம் ஒரு சிலிண்டரைப் பாதி விலைக்குக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

நமது தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. அன்றைய பொதுக்கூட்டத்தில் பெண் விடுதலையைப் பற்றி இரண்டு மணி நேரம் முழங்கிவிட்டு, இரவு பத்தரை மணிக்கு ஒரு தோழர் வீட்டில் சுடச்சுடச் சாப்பிட்டோம். அந்தச் சோறு விறகடுப்பில் வெந்தது என்பதை, வீட்டம்மாள் கண்ணைக் கசக்கிக் கொண்டு பரிமாற வந்தபோதுதான் அறிந்தோம். அந்தத் தோழர் பையில் புது செல்போன் இருந்தது. நாமும் அதைப் பற்றி அன்று வாய் திறக்காமல், சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தோம். ஆகவே இது பிறருக்கு மாத்திரம் எழுதுவதல்ல.

கிராமங்களில் மே 1ந் தேதி கிராம சபை கூடும். கத்திரி பிறக்க அப்பொழுது மூன்றே நாள் இருக்கும். மானியத்தைக் கழித்த விலைக்கே சிலிண்டர் கொடுக்க வேண்டும், 5 கிலோச் சின்ன சிலிண்டர் ரேஷன் கடையிலேயே கிடைக்க வேண்டும், களத்து வேலையும் மண் வேலையும் காலை ஆறு மணிக்குத் துவங்கிப் பதினோரு மணிக்குள் முடிய வேண்டும், ஏரிப் புறம்போக்கில் வளரும் கருவேல மரத்தை ஏலதாரருக்கு விடுமுன் ஊர்ப் பெண்களின் அடுப்புக்குப் பங்கு வைக்க வேண்டும் என்று தீர்மானம் எழுதிக்கொண்டு போகட்டும். அதைப் படிப்பவர் பெண்ணாக இருக்கட்டும். முந்தின நாள் மத்தியானம் யாராவது பள்ளிக்கூட உபாத்தியாயரிடம் ஒரு தெர்மாமீட்டர் இரவல் வாங்கி, அட்டைக் கூரை வீடு ஒன்றில் அடுப்புக்கு இரண்டடி தள்ளி வைத்துப் பார்த்து, அந்த டிகிரியையும் சபையின் புத்தகத்தில் பதிவு செய்யச் சொல்லட்டும்.