மூன்று லீற்றர் வெந்நீர்

ஈஸ்டர் முடிந்து ஆணி ரயர் கழற்றும் வாரத்தில் ஒஸ்லோவின் அம்மருட் குடியிருப்புகளின் நிலக்கீழ்த் தரிப்பிடங்களில் ஒரே ஜாக் சத்தம். நமக்கு வரும் தொலைபேசிகளும் அந்த வாரத்தில்தான் கூடும். "அண்ணை, இந்த முறை காரை றூட்ஸ்கூகன் ஓட்டத் தடத்துக்குக் கொண்டுபோகப் போறன். எக்ஸோஸ்ற் மாத்துறதோ, சிப் போடுறதோ நல்லது?" பிரேக் ஒயில் கடைசியாக எப்போது மாற்றினது என்று கேட்டால் மறுமுனையில் சத்தமில்லை. பிறகு, "வாங்கேக்க இருந்ததுதான் அண்ணை."

கராஜில் நின்று வேலைசெய்யும் வாசகர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் வாடிக்கையாளர் கேட்பதைப் பூட்டிக் கொடுத்து அனுப்பிவிடும் பழக்கம் நம்மிடமும் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இம்முறை எழுத வேண்டியிருக்கிறது.

ஒரு கணக்குப் பார்ப்போம். மணிக்கு 160 கிலோமீற்றரில் வரும் 1,300 கிலோ காரை ஒரு வளைவுக்காக 60க்கு இறக்குகிறோம். அந்த ஒரு மிதியில் ஏறத்தாழ 1.1 மெகாயூல் சக்தி பிரேக்குக்குள் வெப்பமாகப் போகிறது. குழாயில் பிடித்த மூன்று லீற்றர் குளிர்நீரைக் கொதிக்க வைக்க அது போதும். நம் குசினி அடுப்பு அதற்குப் பத்து நிமிடத்துக்கு மேல் எடுக்கும். இங்கே நாலு விநாடி. அடுத்த வளைவில் இன்னொரு பானை. துரொண்ட்ஹைம்ஸ்வையன் வீதியில் 60இல் வந்து சிவப்பு விளக்குக்கு நிறுத்தினால் அரை லீற்றர்தான் கொதிக்கும், அடுத்த விளக்குவரை ஆறவும் நேரம் கிடைக்கும். றூட்ஸ்கூகனின் ஒரு சுற்று 3.25 கிலோமீற்றர், மேடும் பள்ளமுமான அந்தத் தடத்தில் பிரேக் ஆறுவதற்கு நீங்களாக இடம் கொடுத்தால்தான் உண்டு.

அந்த வெப்பம் பிரேக் ஒயிலுக்கும் ஏறும். டொட் 4 ஒயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 பாகை வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். போதிய ஈரம் சேர்ந்தபின் அதே விதி கேட்பது 155 பாகைதான். கொதித்தால் குழாய்க்குள் ஆவி. திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். மிதி அடித்தட்டுவரை போகும், கார் போய்க்கொண்டே இருக்கும்.

எனக்கு நடந்திருக்கிறது. மூன்று வருட ஒயில், முழுக்க என் சோம்பல். நாலாவது சுற்றில் மிதி பஞ்சுபோல இறங்கியது. பதறி இரண்டு தரம் பம்ப் பண்ணி, கியரை இறக்கி, தடத்தை விட்டு வெளியே போய்த்தான் நின்றேன். காருக்கு ஒன்றுமில்லை. மறுநாள் ஒயில் வடிக்கும் நிப்பிளைத் திறந்தபோது போத்தலில் விழுந்தது சாயம் கூடிய வெறுந்தேநீர் நிறம்.

நிப்பிளைத் திறப்பதே இங்கே பெரிய பாடு. ஒஸ்லோ வீதிகளில் மாரி முழுக்கக் கொட்டும் உப்பு கலிப்பரில்தான் குடியேறுகிறது. துருப்பிடித்த நிப்பிளை முறித்துக்கொள்ளாமல் இருக்க முதல்நாளே துரு இளக்கும் ஒயில் விட்டு ஊறவைக்க வேண்டும். கலிப்பரின் வழுக்கு ஊசிகளைக் கையால் இழுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் இறுகியிருந்தால் உள் பாட் தேய்ந்து வெளிப் பாட் புதிதாகவே இருக்கும். வெளியிலிருந்து எட்டிப் பார்ப்பவருக்கு எல்லாம் சரி என்றே தோன்றும். ஈயூ கொன்றோல் பரிசோதனையில் போன வருடம் தேறிய கார் என்பது இதற்குப் பதிலாகாது.

இப்போது பெடியள் வீட்டு மின்சாரக் காரையும் கொண்டுவருகிறார்கள். 2024இல் நோர்வேயில் விற்ற புதுக் கார்களில் பத்துக்கு ஒன்பது அளவில் மின்சாரம், ஆக அது வரத்தான் செய்யும். நிறை இரண்டு தொன்னை ஒட்டியிருக்கும். பற்றரி நிறைந்திருந்தால் மோட்டார் வழியே வேகம் குறைக்கும் வசதி பெரிதாக வேலைசெய்யாது; சுமை முழுக்க, வீதியில் அதிகம் பாவிக்காததால் துருவேறிக் கிடக்கும் பிரேக்கின் தலையில் விழும். முழுச் சார்ஜோடு தடத்தில் இறங்க வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள்.

ரயர் காற்றை, சுற்று முடிந்து வந்த கையோடு, சூட்டிலேயே அளக்க வேண்டும். தேநீர் குடித்துவிட்டு வந்து அளப்பவர் அளப்பது வேறொரு ரயரை. தோள்பட்டையில் சோக்கால் மூன்று கோடு போட்டுவிட்டால், ரயர் எவ்வளவு தூரம் மடிந்து உருள்கிறது என்பதை அழிந்த கோடு சொல்லிவிடும். ஐந்து குரோனர்கூட ஆகாத கருவி, நான் இன்றுவரை அதைத்தான் நம்புகிறேன்.

சிப் விடயம்: பலத்தைக் கூட்டினால் அது வீதி நிர்வாகத்தோடும் காப்புறுதியோடும் முடிக்க வேண்டிய கதை. கூட்டாவிட்டாலும் காப்புறுதி நிபந்தனையை ஒருதரம் வாசியுங்கள். தடத்தில் நடக்கும் சேதம் பலவற்றில் சேராது.

கடைசிச் சுற்றைப் பிரேக் தொடாமல் மெதுவாக ஓட்டி முடியுங்கள். வந்து நிறுத்தியதும் ஹான்ட்பிரேக் இழுக்காதீர்கள், சூட்டில் பாட் தட்டோடு ஒட்டும். கியரில் விட்டு, சில்லுக்கு ஒரு கட்டை வையுங்கள். ஆறியபின் சில்லு நட்டுகளை ரோர்க் சாவியால் திரும்ப இறுக்கி, காற்றை வீதி அளவுக்கு ஏற்றிவிட்டு ஈ6 நெடுஞ்சாலையில் ஏறுங்கள். அம்மருட்டுக்கு இன்னும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டம் இருக்கிறது.