பனி நாட்டு ராக் இசை: நகலா, நற்பயிற்சியா?

இசைக்கு நாடு இல்லை, மொழி இல்லை என்று மேடைதோறும் முழங்குகிறோம். ஆனால் ஒரு நாட்டார் மற்றொரு நாட்டாரின் இசையை எடுத்து ஆண்டால், "இது இரவல்" என்று எள்ளி நகையாடுவதற்கும் நாமே முந்திக்கொள்கிறோம். அந்த இசை வழக்கொழிந்து பல ஆண்டுகள் ஆகியிருப்பின், "பழம்பஞ்சாங்கம்" என்ற பட்டத்தையும் சேர்த்துச் சூட்டிவிடுகிறோம். அது ராக் இசையாகவும் இருந்துவிட்டாலோ, "பக்தியுள்ள பிள்ளைகள் கேட்கத் தகாதது" என்று மூன்றாவது தீர்ப்பும் வந்துவிடுகிறது.

இம்மூன்று குற்றச்சாட்டுகளையும் ஒருசேரச் சுமந்து நிற்பவர்கள் நார்வே, சுவீடன் முதலிய வடபுலத்து நாடுகளின் புரோகிரஸிவ் ராக் இசைக் குழுவினர். அவர்கள் இரவல்காரர்களா? பின்னோக்கி நடப்பவர்களா? அஞ்சி ஒதுக்கத் தக்கவர்களா? ஆராய்ந்து பார்த்தால், இம்மூன்றுமே அவசரத் தீர்ப்புகள் என்பது புலப்படும். இதுவே நமது கருத்து.

முதலில் இவ்விசை யாதென அறிவோம். 1960-களின் இறுதியில் இங்கிலாந்தில் ராக் இசைஞர் சிலருக்கு மூன்று நிமிடப் பாட்டு போதாதாயிற்று. மேனாட்டுச் செவ்வியல் இசையின் பல பகுதி அமைப்பையும், ஜாஸ் இசையின் சுதந்திரத்தையும், நாட்டுப்புறப் பாடலின் எளிமையையும் ராக் இசையோடு அவர்கள் இணைத்தனர். 1969-இல் கிங் கிரிம்ஸன் குழு வெளியிட்ட முதல் இசைத்தட்டு இதற்கு ஒரு மைல்கல். ஜெனிஸிஸ், யெஸ் போன்ற குழுக்கள் இசைத்தட்டின் ஒரு பக்கத்தை ஏறத்தாழ முழுவதுமாக ஒரே பாடலால் நிரப்பின. ஆர்கன், புல்லாங்குழல், செல்லோ ஆகியவை மின்கிதாருக்கு அருகே அமர்ந்தன.

இவற்றுள் விந்தையான கருவி ஒன்று உண்டு. அதன் பெயர் மெல்லோட்ரான். இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் உருவான இக்கருவியில் ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு காந்த நாடா இருக்கும். அதில் வயலின் குழுவின் ஒலியோ, புல்லாங்குழல் ஒலியோ, பாடகர் குழுவின் குரலோ முன்னரே பதிவு செய்யப்பட்டிருக்கும். கட்டையை அழுத்தினால் நாடா ஓடும். ஏறத்தாழ 8 விநாடிகளில் நாடா முடிந்துவிடும், ஒலியும் நின்றுவிடும். ஆகவே எப்போது விரலை எடுப்பது, எப்போது அடுத்த கட்டைக்குச் செல்வது என்ற கணக்கு இசைப்பவருக்கு வேண்டும். குளிரில் ஊசலாடும் தீபம் போன்ற அதன் ஒலியைப் பனி நாட்டு இளைஞர்கள் ஏன் விரும்பினர் என்பதைக் கேட்டவர் எளிதில் உணர்வர்.

இனி, முதற் குற்றச்சாட்டுக்கு வருவோம். "இது ஆங்கிலேயரிடம் கடன் வாங்கிய இசை" என்பர். கடன் வாங்கியது உண்மையே. 1970-களின் தொடக்கத்தில் நார்வேயில் ஆன்ட் மேரி, ரூஃபஸ், போப்போல் வூ போன்ற குழுக்கள் தோன்றின. 1971-இல் ஜூனிஃபர் கிரீன் என்னும் குழு "ஃபிரெண்ட்ஷிப்" என்ற இரட்டை இசைத்தட்டை வெளியிட்டது. போப்போல் வூ குழு, அதே பெயரில் ஜெர்மனியில் வேறொரு குழு இருந்தமையால், பின்னர் போப்போல் ஏஸ் எனப் பெயர் மாற்றிக்கொண்டது. இவர்கள் பலரும் ஆங்கிலத்திலேயே பாடினர். ஆங்கிலக் குழுக்களின் சாயல் இவர்களிடம் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

ஆனால் கடன் வாங்கியவர்கள் அதை அப்படியே பெட்டியில் பூட்டி வைக்கவில்லை. விதையாக்கி, தம் மண்ணில் ஊன்றினர். சுவீடனைச் சேர்ந்த போ ஹான்சன் என்ற ஆர்கன் கலைஞர், ஸ்டாக்ஹோமை அடுத்த ஒரு தீவில், கோடைக்கால வீடொன்றில் இருந்து டோல்கீனின் "மோதிரங்களின் தலைவன்" நாவலுக்குச் சொற்களே இல்லாத இசைவடிவம் தந்தார். அது 1970-இல் வெளிவந்து, பின்னர்ப் பிற நாடுகளிலும் விற்பனையாயிற்று. இதே காலத்தில் நார்வேயின் ஹோஸ்ட் குழு தாய்மொழியில் பாடி 1974-இல் தன் இசைத்தட்டை வெளியிட்டது. "ஹோஸ்ட்" என்பதற்கு இலையுதிர் காலம் என்று பொருள். உப்சாலா நகரின் கைப்பா குழு 1975-இல் சுவீடிய மொழியில் பாடியது. அதே நகரத்துச் சாம்லா மம்மாஸ் மன்னா குழுவோ நாட்டுப்புற நடன மெட்டையும் நகைச்சுவையையும் கலந்து, யாரைப் போலவும் இல்லாத இசையைப் படைத்தது. 1978-இல் பெரும் இசைத்தட்டு நிறுவனங்களின் போக்கை எதிர்த்து ஐந்து நாட்டுக் குழுக்கள் இலண்டனில் கூடி இசைத்தபோது, சுவீடனின் சார்பில் நின்றவர்கள் இவர்களே.

இங்கே ஒரு சொற்குழப்பத்தையும் நீக்கிவிட வேண்டும். சுவீடிய மொழியில் "ப்ரோக்" என்றொரு சொல் உண்டு. அது இசையின் அமைப்பைக் காட்டிலும், வணிக நோக்கை எதிர்த்த இடதுசாரி இசை இயக்கத்தையே குறிக்கும். 1974-இல் ஆபா குழு யூரோவிஷன் போட்டியில் வென்றதால் 1975-இல் அப்போட்டி ஸ்டாக்ஹோமில் நடந்தது. அதற்கு எதிராக அதே நகரில் மாற்று விழா நடத்தியவர்கள் இவ்வியக்கத்தினர். இரண்டும் சில இடங்களில் கலந்தாலும் ஒன்றல்ல. பெயர் ஒற்றுமையைக் கண்டு பொருளும் ஒன்றென மயங்கலாகாது.

நார்வேக்கென்றே ஒரு வயலின் உண்டு. ஹார்டாங்கர் பிடில் என்பது அதன் பெயர். வில் தொடும் நான்கு தந்திகளுக்குக் கீழே, வில் தொடாத நான்கோ ஐந்தோ தந்திகள் இருக்கும். மேல் தந்தி ஒலிக்கும்போது கீழ்த்தந்திகள் தாமாகவே உடன் அதிரும். அந்நாட்டு இசைஞரின் நிலையும் இத்தகையதே. மேலே ஒலிப்பது இங்கிலாந்தின் தந்தியாக இருக்கலாம். அடியில் உடன் அதிர்வது அவர்களது மலையும் கடலும் நீண்ட குளிர்கால இரவும் அல்லவா? கிதார் கலைஞர் டெர்யே ரிப்டால் இதற்குச் சான்று. ராக் இசையில் தொடங்கி, ஜாஸ் இசைக்கு வந்து, சிம்பொனிகளும் இயற்றியவர் அவர். அவருடைய கிதாரில் எழும் நெடிய ஒலியைக் கேட்போர் அதை இலண்டன் ஒலி என்று மயங்கமாட்டார்.

இரண்டாவது குற்றச்சாட்டு, "இது காலம் கடந்த இசை" என்பது. 1977-ஐ ஒட்டி இங்கிலாந்தில் பங்க் இசை எழுந்தது. நீண்ட பாடல்கள் ஆடம்பரம் எனப் பழிக்கப்பட்டன. மெல்லோட்ரான்கள் மூலையில் தூசி படிந்தன. அதன் பிறகு 1991-இல் சுவீடனில் இருபது வயதை ஒட்டிய இளைஞர் சிலர் கூடி எங்லகோர்ட் என்ற குழுவை அமைத்தனர். "தேவதூதர் பண்ணை" என்று அப்பெயருக்குப் பொருள் கூறலாம். 1992-இல் வெளிவந்த அவர்களுடைய "ஹைப்ரிஸ்" இசைத்தட்டில் இருந்தவை நான்கே பாடல்கள், பாடியது தாய்மொழியில். அடுத்த ஆண்டே அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் நடந்த இசைவிழாவில் அவர்கள் வாசித்தனர். 1993-இல் அனெக்டோட்டன் குழுவின் முதல் இசைத்தட்டு வந்தது. நார்வேயில் யாக்கோப் ஹோல்ம்-லூப்போவின் ஒயிட் வில்லோ குழு 1995-இல் தன் முதல் ஆல்பத்தை வெளியிட்டது. ஹோனெஃபோஸ் என்ற ஊரிலிருந்து வந்த வாப்ளர் குழு 2005-இல் தொடங்கி ஐந்து ஆல்பங்களைத் தந்துள்ளது. 2017-இல் வெளிவந்த ஆல்பத்தில் ஒரு பாடல் மட்டுமே ஏறத்தாழ 21 நிமிடம் ஓடும். அக்குழுவில் ஆர்கனும் மெல்லோட்ரானும் வாசிக்கும் லார்ஸ் ஃபிரெட்ரிக் ஃபிரோய்ஸ்லி, 2023-இல் தனியே வெளியிட்ட "நான்கு கதைகள்" என்னும் ஆல்பத்தில் நார்வே மொழியிலேயே பாடியுள்ளார்.

இதைப் பிற்போக்கு என்போரை நாம் ஒன்று கேட்போம். நார்வேயின் பெரும் எழுத்தாளர் சிக்ரிட் உன்ட்செட் அம்மையார், 1920 முதல் 1922 வரை மூன்று பாகங்களாக வெளியிட்ட "கிறிஸ்டின் லாவ்ரன்ஸ்டாட்டர்" நாவலுக்குக் களமாகக் கொண்டது 14-ஆம் நூற்றாண்டை. 1924-இல் கத்தோலிக்கத் திருச்சபையில் இணைந்த அவருக்கு 1928-இல் நோபல் பரிசு கிடைத்தது. அறுநூறு ஆண்டுகள் பின்சென்றமைக்காக அவரை யாரேனும் பழம்பஞ்சாங்கம் என்றனரா? பழைய காலத்துக்குள் புகுந்து அங்கே வாழும் மனித நெஞ்சத்தைக் கண்டு வந்தார் என்றல்லவா உலகம் பாராட்டியது! எழுத்தாளர் அறுநூறு ஆண்டு பின்செல்லலாம். இசைஞர் இருபது ஆண்டு பின்சென்றால் குற்றமா?

ஆயினும் ஒரு பக்கமே பேசுதல் நேர்மையன்று. இக்குழுக்களுள் பழைய கருவியை வாங்கி வைத்தாலே பழைய மேதைமையும் வந்துவிடும் என்று எண்ணுவோரும் உண்டு. நீளம் வேறு, ஆழம் வேறு. இருபது நிமிடம் ஓடுவதாலேயே ஒரு பாடல் உயர்ந்ததாகிவிடாது. பழமையைப் பயில்பவன், பயின்ற பின் தன் சொல்லைச் சொல்ல வேண்டும். மோட்டார்சைக்கோ குழு அதைச் செய்தது. ட்ரோண்ட்ஹைம் நகரில் 1989-இல் முரட்டு ராக் குழுவாகத் தொடங்கிய அவர்கள், 2010-இல் மோல்டே ஜாஸ் விழாவுக்காக ஒரு கடற்கதையை இசையாக அமைத்தனர். ஜாஸ் வாத்தியக் குழுவும் தந்தி இசைக் குழுவும் அவர்களோடு சேர்ந்திசைத்தன. 2012-இல் அது ஆல்பமாக வெளிவந்தது. எந்த ஆங்கிலக் குழுவின் நகல் என்று இதைச் சொல்வது?

மூன்றாவது குற்றச்சாட்டே நம் போன்றோரை மிகவும் தொடுவது. நார்வே ராக் என்றதும் சிலருக்கு நினைவு வருவது எரிந்த தேவாலயங்கள். 1992-ஆம் ஆண்டு ஜூன் 6-ஆம் நாள் பெர்கன் நகரத்து ஃபான்டோஃப்ட் மரத் தேவாலயம் தீக்கிரையாயிற்று. அவ்வாண்டுகளில் எரிக்கப்பட்ட வேறு சில தேவாலயங்களுக்காகப் பிளாக் மெட்டல் என்னும் இசைவகையைச் சேர்ந்த சிலர் நீதிமன்றத்தில் தண்டனை பெற்றனர். இச்செயல்களை நாம் எவ்வகையிலும் ஏற்க இயலாது, நெஞ்சம் நோகிறது. ஆனால் அதே நாட்டில், அதே ஆண்டுகளில், புல்லாங்குழலும் செல்லோவும் கொண்டு அமைதியான பாடல்களை இயற்றிக்கொண்டிருந்த இளைஞர்கள் மீது அப்பழியைச் சுமத்துவது எந்த நீதி? ஒயிட் வில்லோ குழுவின் 2000-ஆம் ஆண்டு ஆல்பத்தின் பெயர் "சாக்ரமென்ட்". பெயரால் மட்டும் அது பக்திப் பாடலாகிவிடாது. அவ்வாறே, கிதார் பிடித்ததால் மட்டும் ஒருவர் பாவியாகிவிடவும் மாட்டார். மரத்தை அதன் கனியால் அறிய வேண்டும் என்பது நாம் வேதபாடத்தில் கற்றதன்றோ?

இனி, ஏறத்தாழ 55 இலட்சம் மக்களே வாழும் நார்வேயில் இத்தனை இசைஞர் எவ்வாறு தோன்றினர்? வானத்திலிருந்து விழவில்லை. அந்நாட்டுப் பள்ளிகளில் மாணவர் இசை அணிகள் உண்டு. மே 17, தேசிய நாளன்று அவை வீதிதோறும் வாசித்துச் செல்லும். ஒவ்வொரு நகராட்சியும் பிள்ளைகளுக்கு இசை, கலைப் பள்ளி வசதி அளிக்க வேண்டும் என்று 1997-இல் சட்டமே இயற்றப்பட்டது. கட்டணம் உண்டு, இடத்துக்குக் காத்திருப்போரும் உண்டு. எனினும் வாசல் திறந்திருக்கிறது. சுவீடனிலோ நகராட்சி இசைப்பள்ளிகளுடன், மக்கள் கல்விச் சங்கங்களும் இளைஞர் குழுக்களுக்குப் பயிற்சி அறை தந்து உதவுகின்றன. நாம் "மேதை" என்று வியப்பவருக்குப் பின்னால், மாலைதோறும் கதவைத் திறந்து வைத்த ஓர் ஆசிரியர் இருக்கிறார். இசை வகுப்பை "நேரம் இருந்தால் பார்க்கலாம்" என்று தள்ளிவைப்போர் இதைச் சிந்திக்க வேண்டும்.

பெண்களின் பங்கு என்ன என்று தோழியர் கேட்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்வியே. பெரும்பாலான குழுக்கள் ஆடவரால் ஆனவை என்பதே வருத்தம் தரும் விடை. ஆயினும் எங்லகோர்ட் இசையின் உயிர்நாடி அன்னா ஹோல்ம்கிரனின் புல்லாங்குழல். அனெக்டோட்டன் குழுவின் துயரார்ந்த ஒலிக்குக் காரணம் அன்னா சோஃபி டால்பெர்கின் செல்லோவும் மெல்லோட்ரானும். டென்மார்க்கின் சாவேஜ் ரோஸ் குழுவை உலகறியச் செய்தது அனிசெட்டின் குரல். இவர்கள் மேடைக்கு அழகு சேர்க்க நின்றவர்கள் அல்லர். இசையின் சுமையைத் தோளில் தாங்கியவர்கள். புல்லாங்குழலும் செல்லோவும் வகுப்பறையில் பொறுமையாகக் கற்கும் கருவிகள். அத்தகைய பொறுமை நம்மிடம் இல்லையா என்ன?

இன்று பாடல்கள் கைப்பேசியில் வந்து குவிகின்றன. முதல் அரை நிமிடம் பிடிக்கவில்லை என்றால் விரலால் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போகிறோம். இந்நிலையில் 21 நிமிடப் பாடல் ஒன்றை இயற்றுவது, கேட்பவர் மீது வைக்கும் பெரும் நம்பிக்கை. முதலில் தோன்றிய மெட்டு இடையில் மறைந்து, இறுதியில் வேறு கோலத்தில் திரும்பும்போதுதான் அதன் பொருள் விளங்கும். பாதியில் எழுந்தவருக்கு அது வெறும் ஓசை. நட்பும் படிப்பும் செபமும்கூட அப்படித்தானே!

ஆகவே தோழியரே, பனி நாட்டு இசைஞரை நாம் போற்றியே தீரவேண்டும் என்பதில்லை. கேட்ட பின் பிடிக்கவில்லை என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு. ஆனால் கேளாமலே இரவல் என்றும், பழமை என்றும், பாவம் என்றும் முத்திரை குத்த உரிமை இல்லை. முழுதும் கேட்போம், அமைதியாக ஆராய்வோம், பின்னரே தீர்ப்புரைப்போம். இசைக்கு மட்டுமன்று, மனிதர்க்கும் இதுவே நாம் செலுத்தும் நீதியாக இருக்கட்டும்!