இரட்டிப்புச் சம்பளம்

சென்ற வாரம் ஒரு மாலைப் பொழுதில் என் பழைய மாணாக்கன் ஒருவன் வீட்டிற்கு வந்தான். கையிலே ஒரு கடிதம்; முகத்திலே மகிழ்ச்சியும் கலக்கமும் கலந்திருந்தன. கொழும்பிலுள்ள தனியார் நிறுவனமொன்று அவனை வேலைக்கு அழைத்திருக்கிறது. மட்டக்களப்பு நகரிலே இப்பொழுது மாதம் 60,000 ரூபா பெறுகிறவனுக்கு அங்கே 120,000 ரூபா.

"போகட்டுமா, விடட்டுமா ஐயா?" என்றான்.

இவ்வினா அவன் ஒருவனுக்கே உரியதன்று. எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் படித்த பிள்ளைகள் உள்ள வீடுதோறும் எழுகின்ற வினா இது. ஆகவே அன்று நாங்கள் பேசியவற்றை நேயர்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

"வேலை நேரம் எவ்வளவு, தம்பி?"

"காலை 8 மணி தொடக்கம் இரவு 8 மணி வரை. சனிக்கிழமையும் உண்டு."

"அது கடிதத்தில் இருக்கிறதா?"

"இல்லை ஐயா. தொலைபேசியிலே சொன்னார்கள்."

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் வாக்கு. தாளும் பேனையும் எடுத்து அளக்கத் தொடங்கினோம். இப்பொழுது அவன் வாரத்திற்கு 45 மணி நேரம் உழைக்கிறான். மாதத்திற்கு 195 மணி. அங்கே உணவு வேளை நீங்கலாக நாளொன்றுக்கு 11 மணி; 6 நாளைக்கு 66 மணி; மாதத்திற்கு 286 மணி. இங்கே தாயின் கைச்சோறு. அங்கே அறை வாடகை, கடைச் சாப்பாடு, ஊர் வந்து போகும் செலவு எல்லாம் சேர்ந்து 45,000 ரூபாவுக்குக் குறையாது என்று அவனே கணித்தான். எஞ்சுவது 75,000 ரூபா.

ஆகவே இங்கே ஒரு மணி உழைப்பின் விலை ஏறக்குறைய 308 ரூபா. அங்கே 262 ரூபா. இரட்டிப்புச் சம்பளம் என்று வந்தது, மணிக்கணக்கிலே பார்த்தால் குறைந்த சம்பளமாயிற்று! மாதந்தோறும் கூடுதலாகக் கிடைப்பது 15,000 ரூபா; அதற்காகக் கூடுதலாகக் கொடுப்பது 91 மணி நேரம். பையன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இன்னுஞ் சில செய்திகளையும் இளைஞர் அறிந்திருத்தல் வேண்டும். கடை, அலுவலக ஊழியருக்கென 1954ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம் வாரத்திற்கு 45 மணியைச் சாதாரண வேலை நேரமாக வகுத்தது. மேலதிக வேலை வாரத்திற்கு 12 மணியைத் தாண்டலாகாது என்றும், அதற்கு ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும் என்றும் விதித்தது. ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியன் நூற்றுக்கு 8 பங்கும், வேலை கொள்வோர் 12 பங்கும் செலுத்துகின்றனர். மேலதிக நேரக் கொடுப்பனவு இக்கணக்கிலே சேராது. எனவே மொத்தத் தொகை பெரிதாயிருந்தாலும், அடிப்படைச் சம்பளம் சிறிதாயின் முதுமைக்கான சேமிப்பும் சிறிதாகவே இருக்கும். "எவ்வளவு தருவீர்கள்?" என்று கேட்பதோடு, "அதில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு?" என்றும் கேட்டல் வேண்டும். இதனைக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

"அப்படியானால் வேண்டாம் என்று எழுதிவிடட்டுமா?" என்றான்.

அங்கேதான் நான் தயங்கினேன். கணக்கு முடிந்தது, முடிவு கிட்டவில்லை. அவனுக்கு ஒரு தங்கை. பெண்ணுக்கு வீடு கொடுத்து மணஞ்செய்விப்பது நம் பகுதி வழக்கம். அவளுக்கென எழுப்பிய வீடு கூரையில்லாமல் நிற்கிறது. மாதம் 15,000 ரூபா என்றால் ஆண்டில் 180,000 ரூபா. மணிக்கணக்கிலே மலிவான பணம், அந்தக் கூரையை நினைக்கும்போது மலிவானதாகத் தோன்றவில்லை.

நானும் என் இருபத்தெட்டாம் வயதிலே இத்தகைய வேலையொன்றை ஏற்று இரண்டாண்டு உழைத்தவன். அப்பணத்தில் வீட்டுக் கடன் தீர்ந்தது; அதற்காக இன்றும் வருந்தவில்லை. ஆயினும் அவ்விரண்டாண்டில் நான் ஒரு நூலையும் முழுதாகப் படித்ததில்லை. மூன்றாம் ஆண்டும் இருந்திருப்பேனாயின் படிக்கும் விருப்பமே அற்றுப்போயிருக்கும்.

நம் மண்ணின் பெரியார் ஒருவரை நினைத்துப் பார்த்தேன். காரைதீவிலே 1892இல் பிறந்த மயில்வாகனனார் 1920இல் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபரானார். 1922இல் அப்பதவியை விட்டுச் சென்னை இராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்தார், விபுலாநந்த அடிகளானார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் பதவியை ஏற்றவர், 1933இல் அதையும் விட்டார். அவரே 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் பதவியை ஏற்றார். நெடுங்கால ஆராய்ச்சியின் பயனான யாழ்நூல் 1947இல் வெளிவந்தது. அவ்வாண்டே அடிகள் மறைந்தார்.

துறவியை இல்லறத்தாருக்கு எடுத்துக்காட்டுவது முறையா என்று நேயர்கள் கேட்கலாம். அவர் துறவி என்பது மெய்யே. ஆயினும் அவர் பதவியை வெறுத்தவரல்லர். ஏற்கவேண்டிய காலத்தில் ஏற்றார், விடவேண்டிய காலத்தில் விட்டார். பதவி அவர் கையில் இருந்தது; அவர் பதவியின் கையில் இருக்கவில்லை. இது இல்லறத்தாருக்கும் பொருந்துமன்றோ?

ஆகவே பையனுக்கு நான் கூறியது இவ்வளவே: "தம்பி, கடுமையான வேலை என்பதற்காக வேண்டாம் என்று சொல்லாதே, கூடிய சம்பளம் என்பதற்காகச் சரி என்றும் சொல்லாதே. எதற்காகப் போகிறாய், எத்தனை மாதத்திற்குப் போகிறாய் என்பதை இன்றே தாளில் எழுதித் தாயிடம் கொடு. வேலை நேரத்தையும் அடிப்படைச் சம்பளத்தையும் எழுத்திலே தரும்படி அவர்களைக் கேள். எழுதித் தர மறுப்பார்களாயின் உன் வினாவுக்கு அதுவே விடை."

மறுநாளே அவன் நிறுவனத்திற்கு எழுதிவிட்டான். அவன் தாயிடம் இருக்கும் தாளில் "கூரை, 12 மாதம்" என்று மட்டும் இருக்கிறதாம். கொழும்பிலிருந்து மறுமொழி இன்னும் வரவில்லை.