மாடி எண்ணை யார் சொல்வது?

ஊரிலிருந்து அப்பா அம்மாவை அழைத்துவந்து தம்மோடு வைத்துக்கொண்ட குடும்பங்கள் மும்பைத் தமிழரிடையே ஏராளம். மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட்டால் பகல் முழுவதும் பெரியவர்கள் தனியேதான். "கையில் செல்போன் இருக்கிறது. 112-ஐ அழுத்தினால் போதும், இருக்கும் இடம் அவர்களுக்கே தெரிந்துவிடும்" என்று நாமும் நிம்மதியாக இருந்துவிடுகிறோம். இந்த நிம்மதியில் பாதிதான் நியாயம் என்பது என் கருத்து.

திறந்தவெளியில் செல்போனுக்கு இடத்தைச் சொல்பவை ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள். சுமார் 20,200 கி.மீ. உயரத்திலிருந்து வரும் அவற்றின் மெல்லிய அலைகள் கான்கிரீட் தளங்களைத் தாண்டி உள்ளறைக்குச் சரிவர எட்டுவதில்லை. அங்கே கைகொடுப்பவை செல் கோபுரங்களும் அக்கம்பக்கத்து வைஃபையும். எந்தக் கோபுரத்தின் எந்தப் பக்கத்தோடு போன் பேசுகிறது, அலை போய்வர எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்துத் தூரத்தைக் கணக்கிடுகிறார்கள். பழைய ஜி.எஸ்.எம். முறையில் இந்தக் கணக்கு சுமார் 550 மீட்டர் படிகளாகக் கிடைக்கும். 4ஜி-யில் சுமார் 78 மீட்டர். பல கோபுரங்களை ஒப்பிட்டால் இன்னும் நெருங்கலாம். ஆனால் சுவர்களில் மோதிச் சுற்றிவரும் அலை, தூரத்தைக் கூட்டிக் காட்டிவிடும்.

எல்லாம் சரியாக அமைந்தாலும் கிடைப்பது பெரும்பாலும் வரைபடத்தில் ஒரு புள்ளி. எங்கள் கட்டிடத்தில் 22 மாடிகள். அந்த ஒரு புள்ளியின்மேல் 22 வீடுகள் அடுக்கடுக்காய் நிற்கின்றன. ஆம்புலன்ஸ் வாசலுக்கு வந்துவிட்டது. எந்த வீட்டு மணியை அடிப்பார்கள்?

அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் இதை உணர்ந்து, செல்போனிலிருந்து வரும் அவசர அழைப்புகளுக்கு 2015-ல் 50 மீட்டர் துல்லியத்தை இலக்காக வைத்தது. 2019-ல் உயரத்துக்கும் விதி செய்தது: 80 சதவீத அழைப்புகளில் பிழை 3 மீட்டருக்குள் இருக்க வேண்டும். அது ஏறக்குறைய ஒரு மாடி உயரம். பல போன்களில் உள்ள காற்றழுத்த உணரி இதற்கு உதவும். அடுக்குமாடிகள் பெருகிவிட்ட நம் நகரங்களுக்கும் இத்தகைய விதி வேண்டுமென்று நாம் கேட்கத்தான் வேண்டும்.

விதி வரும்வரை? மாடி எண்ணை வாயால்தான் சொல்லியாக வேண்டும். நம் பெரியவர்களில் பலருக்கு இந்தியும் வராது, மராத்தியும் வராது. ஆகவே விங், மாடி, வீட்டு எண், சொசைட்டியின் பெயர், அருகிலுள்ள அடையாளம் ஆகியவற்றை இந்திச் சொற்களாலேயே, ஆனால் தமிழ் எழுத்தில், பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். "பீ விங், பந்த்ரவா மாலா" என்று அவர்களை நாலைந்து முறை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். வாட்ச்மேனிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

நம் சங்கம் இத்தகைய அட்டையை அச்சிட்டு, பொங்கல் விழாவில் வீட்டுக்கொன்றாக வழங்கலாமே! செலவு சொற்பம். நிர்வாகிகள் ஆவன செய்வார்களா?